கம்ப்யூட்டர் சொன்ன 104 நாள்!

தேதி எழுதுறது என்ன பெரிய வித்தையா? ஒண்ணாங்கிளாஸ்ல கரும்பலகையோட வலது மூலையில டீச்சர் எழுதிப் போடுவாங்களே, அன்னிக்குப் படிச்சது. நாள், மாசம், வருஷம். அவ்வளவுதான்! இதுல குழம்புறதுக்கு ஒண்ணுமே இல்லைனுதான் நானும் நினைச்சுக்கிட்டிருந்தேன். எது வரைக்கும்னா, 2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி வரைக்கும்.

அப்போ நான் நெல்லை பக்கம் ஒரு காலேஜ்ல எம்.சி.ஏ. ரெண்டாவது வருஷம். எங்க காலேஜ்ல ஒரு ரத்ததானக் குழு உண்டு. குழுவோட மொத்த சொத்து ஒரு லாங் சைஸ் நோட்டு. அதில் கோடு போட்டு நாலு பத்தி. பேர், ரத்த குரூப், போன் நம்பர், கடைசியா ரத்தம் கொடுத்த தேதி. குழுத் தலைவியை எல்லாருமே 'கேப்டன்'னுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தா கேப்டன் நோட்டைப் புரட்டி, விரல்விட்டு நாள் எண்ணி, ஆளைப் பிடிச்சு அனுப்பிடுவா. ஆண்கள்னா ஒரு தடவை கொடுத்தப்புறம் 90 நாள் இடைவெளி வேணும், பெண்கள்னா 120 நாள். இதெல்லாம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு.

நமக்குத்தான் சும்மா இருக்க முடியாதே!

"என்ன கேப்டன், எந்தக் காலத்துல இருக்க? இன்னும் நோட்டும் பேனாவுமா! நான் ஒரு பேஜ் பண்ணித் தர்றேன் பாரு. குரூப்பைத் தட்டினா போதும், இன்னிக்கு யார் யார் கொடுக்கலாம்னு லிஸ்ட் வந்து நிக்கும்"னு சவால் விட்டேன்.

"தப்பா வராதுல்ல?"

"கம்ப்யூட்டர் தப்பா சொல்லுமா?"

அந்த டயலாக்கை நினைச்சா இப்பவும் எனக்குக் காது சூடாகுது.

ரெண்டு ராத்திரி, ஒரே ஒரு வரி

ரெண்டு ராத்திரி உட்கார்ந்து ஜாவாஸ்கிரிப்ட்ல பேஜை முடிச்சேன். ஜூனியர் பையன் ஒருத்தன் நோட்டைப் பார்த்துத் தேதியெல்லாம் டைப் அடிச்சுக் கொடுத்தான். நோட்டுல எப்படி இருந்ததோ அப்படியே, 05/07/2023, 23/03/2023 என்கிற மாதிரி.

இங்கேதான் ஒரு விஷயம். நமக்குத் தேதியாகத் தெரிவது கம்ப்யூட்டருக்கு வெறும் எழுத்துச் சரம். '05/07/2023' என்பதும் 'கத்தரிக்காய்' என்பதும் அதுக்கு ஒண்ணுதான். கத்தரிக்காயிலிருந்து வெண்டைக்காயைக் கழிக்க முடியுமா? அதே மாதிரி ஒரு எழுத்துத் தேதியிலிருந்து இன்னொரு எழுத்துத் தேதியைக் கழிச்சு, 'நடுவுல எத்தனை நாள்'னு கேட்க முடியாது. முதலில் அதை 'டேட் ஆப்ஜெக்ட்' என்கிற நிஜமான தேதியாக மாற்றணும்.

டேட் ஆப்ஜெக்ட்னா உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு. அந்த நொடியிலிருந்து எத்தனை மில்லி செகண்ட் ஓடியிருக்கு என்கிற ஒரே ஒரு எண். அவ்வளவுதான். எண் ஆகிட்டா கழிக்கலாம். வர்ற விடையை ஒரு நாளுக்கான 8,64,00,000 மில்லி செகண்டால் வகுத்தா நாள் கணக்கு வந்துடும். 

மாற்றுவதும் ரொம்ப ஈஸி. 'நியூ டேட்'னு எழுதி, அடைப்புக்குறிக்குள்ள அந்த எழுத்துத் தேதியைப் போட்டா போதும். ஒரே வரி! எழுதினேன். 01/01/2023 கொடுத்துப் பார்த்தேன், கணக்கு கரெக்ட். 06/06/2023 கொடுத்தேன், அதுவும் கரெக்ட். காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன்.

ஜூலை நடுவுல பேஜ் ரிலீஸ். கைதட்டல் எல்லாம் பலமாத்தான் இருந்தது. மெஸ் மாஸ்டர் மட்டும், "இதுல இன்னிக்கு என்ன டிபன்னு வருமா தம்பி?"ன்னு கேட்டார். கேப்டன் அந்த நோட்டைத் தூக்கிப் போடாமல் தன் பையிலேயே வச்சுக்கிட்டா. 'பழைய ஆளுங்க இப்படித்தான்'னு மனசுக்குள்ள சிரிச்சேன்.

"சிஸ்டம் சொல்லுதுடா தம்பி!"

அந்த சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு போன். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி. ஒரு அம்மாவுக்கு ஞாயிறு காலையில ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ஒரு யூனிட் வேணும். கேட்டது அவங்க மகன். என் வயசுதான் இருக்கும். போன்லயே குரல் நடுங்குது.

ஓ நெகட்டிவ் கிடைக்கிறது லேசில்லைனு உங்களுக்கே தெரியும். ஆனா நம்மகிட்டதான் பேஜ் இருக்கே! தட்டினேன். ஒரே ஒரு பேர் வந்தது. முதல் வருஷப் பையன். '104 நாள் ஆகிவிட்டது, கொடுக்கலாம்'னு பச்சை நிறத்துல பளிச்னு காட்டுது. லீவுக்குத் தென்காசியில் வீட்டுக்குப் போயிருந்தான். போன் போட்டேன்.

"அண்ணே, வர்றதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா நான் குடுத்து அவ்வளவு நாள் ஆகலையே. போன மாசம் குடுத்த மாதிரில்லா இருக்கு..."

"அதெல்லாம் 104 நாள் ஆச்சு. சிஸ்டம் சொல்லுதுடா தம்பி! நீ மறந்திருப்பே. கிளம்பி வா."

ஒரு நிமிஷம் யோசிச்சான். "சரிண்ணே, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு சொல்லி பஸ் ஏறிட்டான்.

எட்டு மணிக்கு ரத்த வங்கிக்கு வந்து சேர்ந்தான். டாக்டர் வழக்கமான கேள்வி எல்லாம் கேட்டாங்க. பையன் பர்ஸிலிருந்து, போன தடவை கொடுத்தப்போ தந்த அட்டையை எடுத்து நீட்டினான். டாக்டர் பார்த்தாங்க. நிமிர்ந்து எங்களைப் பார்த்தாங்க.

"ஜூலை அஞ்சாம் தேதிதானே கொடுத்திருக்கே. ஒன்றரை மாசம்தான் ஆகுது. உன்கிட்ட எடுக்க முடியாதுப்பா."

"இல்ல மேடம், எங்க லிஸ்ட்ல..."ன்னு நான் அவசரமா போனில் பேஜைத் திறந்து காட்டினேன். காட்டும்போதுதான் நானே பார்த்தேன். அட்டையில் இருந்த தேதி 05/07/2023. என் பேஜில் இருந்த தேதியும் அதே 05/07/2023! ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அட்டைப்படி 45 நாள், என் பேஜ்படி 104 நாள்.

அந்த மகன் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். திட்டியிருந்தாக்கூட தேவலை. "பரவாயில்ல பாஸ், வேற யாராச்சும் இருக்காங்களா?"ன்னு கேட்டார் பாருங்க... அந்த நேரத்துல நான் பூமிக்குள்ள போயிருக்கணும்.

கேப்டன் ஒண்ணுமே பேசலை. பையைத் திறந்து நோட்டை எடுத்தா. ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டினா. ஆறாவது பக்கத்தில் விரல் நின்னுச்சு. ஓ நெகட்டிவ். எங்க காலேஜ்ல படிச்சு முடிச்ச அண்ணன் ஒருத்தர். கடைசியா கொடுத்த தேதி 23/03/2023. வீடு பெருமாள்புரம். பத்து நிமிஷ தூரம்!

போன் போட்ட இருபதாவது நிமிஷம் பைக்கில் வந்து இறங்கினார். கொடுத்தார். ஆபரேஷன் குறிச்ச நேரத்துக்கே நடந்தது, அந்த அம்மாவும் நல்லபடியா வீட்டுக்குப் போனாங்க. ஜூஸைக் குடிச்சுக்கிட்டே அந்த அண்ணன் கேட்டார், "ஜூன் மாசத்திலிருந்தே காத்துக்கிட்டிருக்கேன்ப்பா. யாருமே கூப்பிடலை. என் பேரை எடுத்துட்டீங்களோன்னு நினைச்சேன்."

அதுதான் எனக்கு விழுந்த ரெண்டாவது அடி. இவர் பேர் பேஜில் இருக்கு. ஆனா லிஸ்ட்ல வரவே இல்லை. ஏன்?

அண்ணாச்சி வச்ச பரீட்சை

திங்கட்கிழமை காலையில நேரா கம்ப்யூட்டர் லேபுக்குப் போனேன். எங்க லேப் அண்ணாச்சி அந்தக் காலத்திலிருந்தே வெப்சைட் பண்ணுறவர். கதையைக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"டெஸ்ட் பண்ண என்ன தேதி குடுத்த?"

"01/01, அப்புறம் 06/06..."

தலையில அடிச்சுக்கிட்டார். "ஏலே, வருஷத்துல 365 தேதி கிடக்கு. உனக்கு வேற தேதியே கெடைக்கலையா? திருப்பிப் போட்டாலும் மாறாத தேதியாப் பாத்துல்லா பிடிச்சிருக்க!"

அப்புறம்தான் விளக்கினார். ஜாவாஸ்கிரிப்ட் பிறந்தது 1995-ல், அமெரிக்காவில், நெட்ஸ்கேப் கம்பெனியில். பிரெண்டன் ஐக் என்பவர் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். அமெரிக்காக்காரங்க பேசும்போதே 'ஜூலை அஞ்சு'ன்னு மாசத்தைத்தான் முன்னாடி சொல்வாங்க, எழுதும்போதும் மாசம்தான் முன்னாடி. அதனால சாய்வுக்கோடு போட்ட தேதியைப் பார்த்தா பிரவுசர் மாசம், நாள், வருஷம்னுதான் படிக்கும். என் 05/07 அதுக்கு மே மாசம் ஏழாம் தேதி. மே 7-லிருந்து ஆகஸ்ட் 19 வரை எண்ணிப் பாருங்க. சரியா 104!

"சரி அண்ணாச்சி, 23/03 என்ன ஆச்சு?"

"இருபத்திமூணாவது மாசம்னு ஒண்ணு இருக்கா? அதனால 'இன்வேலிட் டேட்'னு ஒரு செல்லாத காசைக் கையில குடுத்துரும். அதுல போயி நாள் கணக்கு கேட்டா 'நேன்'னு வரும். 'இது நம்பரே இல்ல'ன்னு அர்த்தம். 90-ஐ விடப் பெரிசான்னு கேட்டா 'இல்ல'ன்னும். சின்னதான்னு கேட்டா அதுக்கும் 'இல்ல'ன்னும். நீயும் அதுவும் ஒண்ணான்னு அதுகிட்டயே கேட்டுப் பாரு, அதுக்கும் 'இல்ல'ன்னுதான் சொல்லும்!"

என் பேஜ் கேட்டது ஒரே கேள்வி. '90 நாள் ஆச்சா?' நேன் 'இல்லை'ன்னு சொல்லிடுச்சு. பெருமாள்புரம் அண்ணன் காணாம போயிட்டார். எந்த எச்சரிக்கையும் இல்லை, எந்தச் சத்தமும் இல்லை. பேஜ் பாட்டுக்கு அழகா ஓடிக்கிட்டிருந்தது.

அண்ணாச்சி ஒரு பேப்பரை எடுத்து, "நீயே கணக்குப் போடு"ன்னார். போட்டேன். நாளும் மாசமும் 12-க்குள்ள இருக்கிற தேதிகள் வருஷத்துக்கு 144. அதுல 01/01, 02/02 மாதிரி திருப்பிப் போட்டாலும் மாறாதவை வெறும் 12. மீதி 132 தேதிகளைத் தப்பாகப் படிச்சிருக்கு. 12-ஆம் தேதிக்கு மேல இருக்கிற 221 தேதிகளைப் படிக்கவே இல்லை. ஆக, 365-ல் என் பேஜ் உருப்படியாகப் புரிஞ்சுக்கிட்டது 12 நாளைத்தான். அந்தப் பன்னிரண்டுல ரெண்டை எடுத்து டெஸ்ட் பண்ணிட்டுத்தான் நான் காலரைத் தூக்கியிருக்கேன்!

இந்த 221 பேராவது பரவாயில்லை, 'என் பேர் வரலையே'ன்னு ஒரு நாள் யாராவது கேட்டிருப்பாங்க. அந்த 132-தான் ஆபத்து. பார்க்க அசல் தேதி மாதிரியே இருக்கும். சந்தேகமே வராது. தெரியலைனா தெரியலைன்னு சொல்றவனை நம்பலாம். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றவனை? பரீட்சை ஹாலில் அப்படிப்பட்ட ஃப்ரெண்டைப் பார்த்து எழுதி நான் வாங்கின அரியர் இன்னும் மறக்கலை.

உடைச்சுப் படிக்கணும்

"அதுகிட்ட ஊகிக்கச் சொல்லாத. நீயே பிரிச்சு, நீயே சொல்லு. இது நாளு, இது மாசம், இது வருஷம்னு" என்றார் அண்ணாச்சி. அன்னிக்கு லேபில் உட்கார்ந்து செஞ்சது இதுதான்.

முதல் வேலை, சாய்வுக்கோடு இருக்கிற இடத்தில் வெட்டுறது. 'ஸ்பிளிட்' என்ற கட்டளை அதைச் செய்யும். '05', '07', '2023'னு மூணு துண்டு கிடைக்கும். மூணையும் 'நம்பர்' போட்டு எண்ணாக மாற்றணும். அப்புறம் வருஷம், மாசம், நாள் என்ற வரிசையில் நியூ டேட்டுக்குத் தனித்தனியாகக் கொடுக்கணும். எழுத்தாகக் கொடுத்தாத்தான் ஊகம். எண்களாகக் கொடுத்தா ஊகிக்க ஒண்ணுமில்லை.

இதிலும் ஒரு குழி இருக்கு. நியூ டேட்(2023, 7, 5) என்று கொடுத்தேன். ஆகஸ்ட் 5 வந்து நிக்குது! ஏன்னா ஜாவாஸ்கிரிப்டில் மாசத்தை மட்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணணும். ஜனவரி 0, டிசம்பர் 11. ஆனா நாள் மட்டும் 1-லிருந்துதான். என்ன நியாயம் சார் இது? சி மொழியில் இருந்த பழக்கம் அது. அதை ஜாவா எடுத்துக்கிச்சு. அவசர அவசரமா செஞ்ச ஜாவாஸ்கிரிப்ட், ஜாவாவின் தேதியை அப்படியே சுட்டுக்கிச்சு. கூத்து என்னன்னா, 1997-லேயே ஜாவா 'இனிமே இதைப் பயன்படுத்தாதீங்க'ன்னு அதில் பாதிக்கு மேல கழட்டிவிட்டுச்சு. ஜாவாஸ்கிரிப்டால் முடியலை. மாற்றினா உலகத்துல இருக்கிற பழைய வெப்சைட் எல்லாம் படுத்துடுமே! அதனால மாசத்திலிருந்து ஒண்ணைக் கழிச்சுத்தான் கொடுக்கணும்.

அண்ணாச்சிக்கு ஒரு பழைய ஞாபகம் வந்துடுச்சு. எழுத்தை எண்ணாக மாற்ற 'பார்ஸ் இன்ட்'னு ஒரு கட்டளை. அந்தக் காலத்து பிரவுசர்களில், முன்னாடி பூஜ்யம் இருந்தா அது எட்டின் அடிமான எண் என்று எடுத்துக்குமாம். எட்டின் அடிமானத்தில் 8-ம் கிடையாது, 9-ம் கிடையாது. அதனால '08'ம் '09'ம் பூஜ்யமாகிடும். "ஏழு மாசம் ஒழுங்கா ஓடும். ஆகஸ்ட், செப்டம்பர்ல மட்டும் படுத்துரும். அக்டோபர் வந்தா தானா எந்திரிச்சிரும். பேய் பிடிச்சிருக்குன்னே நெனச்சோம்லே!" 2009-ல் வந்த விதிமாற்றம்தான் அந்தப் பேயை ஓட்டினதாம்.

மூணாவது, சரிபார்க்கிறது. நோட்டில் ஒருத்தர் 31/06/2023 என்று எழுதியிருந்தார். ஜூனுக்கு ஏது 31? ஜாவாஸ்கிரிப்ட் அதைத் தப்புன்னு சொல்லாது. அமைதியா ஜூலை 1 ஆக்கிக் கொடுத்துடும். பிப்ரவரி 31 கொடுத்தாலும் மார்ச்சுக்குத் தள்ளிவிடும். அதனால தேதியை உருவாக்கினதும், அதுகிட்டயே 'உன் நாள் என்ன, மாசம் என்ன?'ன்னு திருப்பிக் கேட்கணும். நாம் கொடுத்ததும் அது சொன்னதும் ஒண்ணா இருந்தாத்தான் உள்ளே விடணும். இல்லைனா சிவப்பு நிறத்துல கத்தணும். ஜூன் 31-காரருக்கு போன் போட்டுக் கேட்டேன். "30-ஆம் தேதிதான் தம்பி, அவசரத்துல எழுதிட்டேன்"னார்.

வருஷத்திலும் ஒரு காமெடி. சிலர் 2023-க்குப் பதிலா வெறும் 23 என்று எழுதியிருந்தாங்க. எண்ணாகக் கொடுத்தா அது 1923 ஆகிடும். அதாவது அவர் ரத்தம் கொடுத்து நூறு வருஷம் ஆச்சு, தாராளமா மறுபடி கொடுக்கலாம்! அதனால வருஷம் நாலு இலக்கம் இல்லைனா உள்ளே வரக் கூடாதுன்னு ஒரு கண்டிஷன்.

கடைசியா, அண்ணாச்சி சொல்லாம நானே செஞ்சது ஒண்ணு. பேஜில் தேதியை இனிமே 05/07/2023-ன்னு காட்டுறதில்லை. '5 ஜூலை 2023' என்று மாசத்தோட பேரைப் போட்டுக் காட்டுது. அதுவும் பழைய எழுத்தை அப்படியே ஒட்டாமல், கம்ப்யூட்டர் என்னவாகப் புரிஞ்சுக்கிச்சோ அதிலிருந்து எடுத்துக் காட்டுது. இதை முன்னாடியே செஞ்சிருந்தா, அந்த சனிக்கிழமை '7 மே 2023'ன்னு திரையில் வந்திருக்கும். தென்காசித் தம்பி "போன மாசம்"னு சொன்ன உடனே எங்கேயோ உதைக்குதேன்னு எனக்கும் தோணியிருக்கும். அது புரிஞ்சுக்கிட்டதை ஒளிச்சு வச்சுட்டு, நான் எழுதினதையே எனக்குத் திருப்பிக் காட்டிக்கிட்டிருந்தேன்.

நியூஜெர்சியில் ஒரு நாள் முன்னாடி

பல்பு வாங்கினது போதும்னு நினைச்சீங்களா? இன்னொண்ணு பாக்கி இருந்தது.

2024-ல் எங்க தாத்தாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்ப ஒரு குட்டி பேஜ் பண்ணினேன். இந்தத் தடவை உஷார்! சாய்வுக்கோடே கிடையாது. வருஷம் முதல்ல, அப்புறம் மாசம், அப்புறம் நாள், நடுவில் சின்னக் கோடு. 2024-06-16. இது ஐ.எஸ்.ஓ. 8601 என்கிற உலகத் தர முறை. 1988-ல் முதன்முதலா வெளிவந்தது. இந்த மாதிரி எழுதினா எல்லா பிரவுசரும் ஒரே மாதிரி படிக்கணும்னு ஜாவாஸ்கிரிப்ட் விதியே இருக்கு. மாசமும் நாளும் இடம் மாறவே மாறாது.

பேஜை அனுப்பின அன்னிக்கு நியூஜெர்சியிலிருந்து பெரியம்மா மக போன். "ஏன்டா, ஞாயித்துக்கிழமைன்னு அம்மா சொல்லுதா. நீ சனிக்கிழமை 15-ஆம் தேதின்னு போட்டிருக்க. தாத்தா எப்ப பொறந்தா, முடிவு பண்ணிச் சொல்லுங்க!"

என் போனில் பார்த்தா ஞாயிறு 16. அக்கா அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டில் சனி 15. ஒரே பேஜ், ஒரே தேதி!

விஷயம் இதுதான். நேரம் எதுவும் சொல்லாம 2024-06-16 என்று மட்டும் எழுத்தாகக் கொடுத்தா, ஜாவாஸ்கிரிப்ட் அதை உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கும். அந்த நொடியில் நம்ம ஊரில் காலை 5.30. தேதி 16-தான். அதனால இந்தியாவில் உட்கார்ந்து எத்தனை தடவை டெஸ்ட் பண்ணினாலும் தப்பு தெரியாது. ஆனா நியூஜெர்சியில் ஜூன் மாசக் கணக்குப்படி அது முந்தின நாள் ராத்திரி எட்டு மணி. அங்கே காட்டும்போது ஒரு நாள் குறைஞ்சிடும். அதே தேதிக்குப் பின்னாடி நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தா, அப்போ மட்டும் பார்க்கிறவர் ஊர் நேரம்னு எடுத்துக்கும். இந்த ரெட்டை விதி குழப்பத்தில் 2015-ல் ஒரு மாதிரி எழுதி, 2016-ல் திருத்தினாங்களாம். விதி எழுதுறவங்களுக்கே அப்படின்னா நமக்கு?

யோசிச்சுப் பார்த்தா கோளாறோட வேர் அந்த 1970-லிருந்து எண்ணுற எண்ணில்தான் இருக்கு. டேட் ஆப்ஜெக்ட் என்பது தேதியே இல்லை, அது ஒரு நொடி. ஒரு நொடிக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு தேதி. ஆனா தாத்தாவோட பிறந்தநாள் ஒரு நொடியா? இல்லையே. அது காலண்டரில் ஒரு கட்டம். எந்த ஊரில் கொண்டாடினாலும் ஜூன் 16-தான்.

இந்தக் குறையைத் தீர்க்க ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 'டெம்போரல்'னு புது வசதி வந்திருக்கு. 2025 மே மாசம் ஃபயர்ஃபாக்ஸ் 139-ல் அது முதல்ல வந்து சேர்ந்தது. அதில் 'பிளெய்ன் டேட்'னு ஒண்ணு. நேரமும் கிடையாது, ஊரும் கிடையாது, வெறும் தேதி மட்டும். மாசமும் 1-லிருந்துதான். முக்கியமா, 05/07/2023-ன்னு எழுதிக் கொடுத்தா ஊகிக்காது. 'எனக்குப் புரியலை'ன்னு பிழையைத் தூக்கி வீசிடும். அந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அதைப் பிடிச்சுப் போச்சு.

தாத்தா பேஜுக்கு அன்னிக்கு அவ்வளவெல்லாம் தேவைப்படலை. சின்னக் கோட்டில் வெட்டினேன், மூணு எண்ணாக்கினேன், மாசத்தில் ஒண்ணைக் கழிச்சேன், தனித்தனியாகக் கொடுத்தேன். நியூஜெர்சியிலும் ஞாயித்துக்கிழமை ஆயிடுச்சு.

அக்டோபர் 3

இவ்வளவு சொன்னப்புறம், 'இனிமே தேதியை ஒழுங்கா மாத்திடுவேன்'னு முடிச்சிருக்கலாம். ஆனா எனக்கு உறுத்துறது அது இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் பண்ணினது ஒரு தப்பு. தனக்குத் தெரிஞ்ச ஊர் வழக்கப்படி படிச்சது, அவ்வளவுதான். நான் பண்ணினது அதைவிடப் பெரிசு. ரத்தம் கொடுத்தவனே போனில் "போன மாசம்தானே கொடுத்தேன்"னு சொல்றான். அவன் உடம்பு, அவன் ஞாபகம், அவன் பர்ஸில் அட்டை. அவனை நம்பாம திரையில் தெரிஞ்ச பச்சைக் கலரை நம்பினேன். அதுக்கு மேல, "மறந்திருப்பே"ன்னு அவனையே சந்தேகப்பட வச்சேன். கேப்டன் விரல்விட்டு எண்ணின காலத்தில் தப்பே வரலைனு சொல்லலை. ஆனா அவ போனை எடுத்ததும் முதல் கேள்வியே, "கடைசியா எப்ப குடுத்தீங்க?"தான். நோட்டில் இருக்கிறதைத் தெரிஞ்சுக்கிட்டே கேட்பா. நான் பேஜ் பண்ணினப்போ அந்தக் கேள்வியைத் தூக்கிட்டேன். 

இப்போ பேஜில் யார் பேரைத் தொட்டாலும் போன் நம்பருக்கு மேல அந்த வரி பெரிய எழுத்தில் வரும். 'கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்கவும்.' அதை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகலை. நான் எழுதினதிலேயே உருப்படியான வரி அதுதான்னு நினைக்கிறேன்.

அந்த ஆகஸ்ட் ராத்திரி தென்காசித் தம்பியைக் கடைசி பஸ்ஸில் ஏத்திவிடும்போது மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டான். அப்புறம் பரீட்சை, புராஜெக்ட்னு நானும் மறந்துட்டேன். 

அக்டோபர் 3-ஆம் தேதி காலையில் அவனிடமிருந்து போன்.

"அண்ணே, இன்னியோட 90 நாள் ஆச்சு. யாருக்காச்சும் வேணும்னா கூப்பிடுங்க. ஆமா... கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

பேஜைத் திறக்கப் போன கையை நிறுத்திக்கிட்டேன்.

"அதை விடு. நீ சொல்லுடா தம்பி, கடைசியா எப்ப குடுத்தே?"

"ஜூலை அஞ்சு"ன்னான். மாசத்தைத்தான் முதலில் சொன்னான். ஆனா எனக்குச் சரியாப் புரிஞ்சுது!